சுவரோடு சேர்ந்த மேஜை

"ஒன்பதும் முடியாதுன்னா, எத்தனைதான் வைக்கலாம்? அதைச் சொல்லும்மா."

"மூணு வைக்கலாம் சார். அதுவும் ஆன்ட்டி சரின்னு சொன்னாத்தான்."

"ஆன்ட்டி ஒண்ணுக்குக்கூட சரின்னு சொல்லமாட்டா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பெட்டியள மறுபடியும் வரிசையா போட்டு, மேல மெத்தைய விரிச்சு, அதுல என்னைய உக்காரச் சொன்னா, நான் தரையிலயே உக்காந்துக்கிடுதேன்."

"அவ ஆன்ட்டி, நான் மட்டும் சாரா?" என்றார் அவர் என்னிடம், அளவு டேப்பின் மறுமுனையைச் சுவரோரம் அழுத்திப் பிடித்தபடி.

"நீங்க அளவைக் கரெக்டா சொல்றீங்க. அதான் சார்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. டேப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

விஜயன் சார் விமானப்படையில் முப்பத்தேழு வருடம் விமானங்களின் உடல் பாகங்களைச் சரிசெய்து, வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெறப்போகிறவர்; இப்போது ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் இருந்தார். சமையலறையிலிருந்து பேசியவர் அவர் மனைவி லீலாவதி. இருவருக்கும் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஊர் ஊராக முகாம்களில் இருந்ததில் சாரின் தமிழிலிருந்து ஊர் கழன்றுபோயிருந்தது. ஆன்ட்டியின் தமிழ் தாமிரபரணிக் கரையை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

நாங்கள் நின்றிருந்தது தில்லி மயூர் விஹாரில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்ப முடிகிற சமையலறை, ஒரு பால்கனி. எப்போதோ டிடிஏ என்கிற தில்லி வளர்ச்சி ஆணையத்தின் குலுக்கலில் விழுந்த வீடு. இத்தனை வருடமும் யார் யாரோ வாடகைக்கு இருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒரு நாள்கூட இதில் தூங்கியதில்லை. இன்னும் ஆறு வாரத்தில் கண்டோன்மென்ட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவர்கள் இங்கே வரவேண்டும். அதற்குள் இதை வீடாக்குவது என் பொறுப்பு.

என் பெயர் கனிமொழி. சின்ன வீடுகளை மட்டும்தான் எடுத்துச் செய்கிறேன். பெரிய வீட்டில் தப்புகள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். பத்தடி அறையில் ஒரு விளக்கு தப்பான உயரத்தில் தொங்கினால் உள்ளே வரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த ஆபத்து எனக்குப் பிடிக்கும். அதே கட்டடத்தில் கீழ்வீட்டு மாலாவின் பால்கனியைப் படிக்கிற அறையாக மாற்றிக் கொடுத்திருந்தேன். அவர்தான் என் நம்பரை லீலாவதி ஆன்ட்டியிடம் கொடுத்தவர்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டிரங்குப் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை எழுத்தில் பெயர், எண், ஒன்பதில் எத்தனையாவது பெட்டி என்ற கணக்கு. பதவி உயரும்போதெல்லாம் பழைய பதவியின் மேல் கறுப்பு அடித்துப் புதியதை எழுதியிருக்கிறார்கள். படையில் இருப்பவர்களின் வீடுகளில் இந்தப் பெட்டிகள்தான் சோபா. புது ஊருக்கு மாற்றலாகிப் போனதும் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, மேலே மெத்தை, அதன்மேல் விரிப்பு, இரண்டு திண்டு. பார்க்க அழகாகவே இருக்கும். ஐந்தாம் பெட்டியிலிருந்து கம்பளி எடுக்க வேண்டுமென்றால் மட்டும் விருந்தாளிகளை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னோட்டமாக, சார் ஒன்பது பெட்டிகளையும் ஏற்கெனவே இங்கே கொண்டுவந்து பால்கனியில் அடுக்கியிருந்தார். அதில் ஹாலின் பாதி வெளிச்சம் போயிருந்தது.

"எல்லாம் மடக்குற மாதிரி, கழட்டுற மாதிரி இருக்கட்டும்மா," என்றார் சார். "நாக்பூர் வந்தாலும் வரும்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

நாக்பூரில் விமானப் பராமரிப்பு செய்யும் ஒரு தனியார் கம்பெனி. மூன்று வருட ஒப்பந்த வேலை. சார் நேர்காணலுக்குப் போய்வந்துவிட்டார். பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்வதாக அனுப்பியிருந்தார்கள்.

ஆன்ட்டி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தார். "நாக்பூர் வந்தா நீங்க போங்க. லீவுல இங்க வாங்க. நான் இந்த வீட்டை விட்டு வாரதா இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"வரட்டும், பாப்போம்," என்றார் சார்.

"நீங்க பாருங்க."

நான்கு நாளில் வரைபடம் தயார். எனக்கு அதில் பெருமைதான். சுவரில் மடங்கிக்கொள்ளும் சாப்பாட்டு மேஜை. விருந்தாளி வந்தால் கட்டிலாக விரியும் சோபா. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கு ஸ்டூல்கள். கூரை தாழ்வாக இருந்ததால் திரைச்சீலைகள் கூரையிலிருந்து தரை வரைக்கும். கண் மேலிருந்து கீழே இறங்கும்போது அறை உயர்ந்துவிடும். மோர் நிறத்தில் சுவர்கள், ஒரு சுவரில் மட்டும் இடுப்புயரம் வரை செங்கல் நிறம். கண்ணாடியைப் பால்கனிக்கு எதிரில் மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டியிருந்தேன். எதிரில் மாட்டினால் அடுத்த வீட்டுக் கொடித்துணிகள் இரண்டு மடங்காகும்.

அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சார் ஒவ்வொன்றையும் காற்றில் விரலால் மடக்கிப் பார்த்தார்.

"வெரி குட். ரெண்டே நாள்ல எல்லாத்தையும் பேக் பண்ணிடலாம்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஆன்ட்டி எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, "நல்லாருக்கு," என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் காலை கரோல் பாகில் என் அறைக் கதவைத் தட்டினார். நான் இருப்பது மொட்டைமாடியில் ஓர் அறை. நான்கு மாடி ஏறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. நான் சுவரிலிருந்து நாற்காலியைக் கழற்றி விரித்துப் போட்டேன். உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

"ராத்திரி எங்க படுப்ப?"

"கட்டில் இருக்கு ஆன்ட்டி. சுவத்தோட மடங்கிடும். இழுத்தா வரும்."

"மேஜை?"

"கட்டிலுக்குப் பின்னாடி இருக்கு."

"இந்த நாற்காலி?"

"நீங்க எழுந்ததும் ஆணியில மாட்டிடுவேன்."

"அப்ப இங்க ஒண்ணும் இருக்குத எடத்துல இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான்.

"உனக்கு என்ன வயசு பிள்ளே?"

"இருபத்தாறு."

"மடக்கிக்கோ. இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கு. நான் முப்பத்தோரு வருசமா மடக்கிட்டு இருக்கேன்."

பிறகு, முன்பு இருந்த பாக்டோக்ரா முகாமைப் பற்றிச் சொன்னார். அங்கே பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது ஒரு சால் மர மேஜையை விற்றார்கள். மாற்றல் வந்தால் லாரியில் ஏறாததையெல்லாம் வாசலில் வைத்து விற்பது முகாம்களில் வழக்கம். ஏர் கூலர், பூந்தொட்டி, மிதிவண்டி எல்லாம் ஒரு குடும்பத்திடமிருந்து அடுத்த குடும்பத்துக்குப் போகும். அந்த மேஜையை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். பதினோரு மாதம் அதில்தான் ரவிக்கை வெட்டினார், மாவு பிசைந்தார், மகன் பிரதீப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஜோத்பூருக்கு மாற்றல். லாரியில் இடமில்லை. அவரும் அதே வாசலில் அதை விற்றார்.

"வாங்கினவ நல்ல பொம்பளைதான். ஆனா அன்னைக்கு அவ முகத்தையே நான் பாக்கல. அதுக்கப்புறம் மடக்குத மேஜை ஒண்ணு வாங்குனோம். சப்பாத்தி தேச்சா அதுவும் கூட ஆடும்."

"கனமா ஒரு மேஜை பாக்கலாம் ஆன்ட்டி. கீர்த்தி நகர்ல நல்ல மரம் கிடைக்கும்."

"கனமா இருந்தா ஆறு பேர் தூக்குவாங்க. தூக்கவே முடியாதது வேணும். இவரு வந்து கேட்டா, 'அதை எடுக்க முடியாது சார்'ன்னு நீ சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் கேட்பது மேஜையைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவள் இல்லையா, வாதாடினேன். ஹாலே பத்தடிதான். மடங்காத மேஜை வந்தால் நடக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சின்ன வீட்டில் ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் ஒதுங்க வேண்டும்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எழுந்து, நாற்காலியைத் தானே மடக்கிச் சரியாக அந்த ஆணியில் மாட்டினார்.

"நீ பெரிய கெட்டிக்காரின்னு மாலா சொன்னா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மதியம் சாப்பிடக்கூட இல்லை. நான் படிக்கும் நாவல்களில் பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்கள், ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் யாராவது கடிதம் எழுதிக்கொண்டோ ரொட்டி வெட்டிக்கொண்டோ இருப்பார்கள். கதை எங்கே சுற்றினாலும் மேஜைக்குத்தான் திரும்பி வரும். யாரும் அதை மடக்கியதாகப் படித்ததில்லை. இரண்டு மணி நேரத்தில் பழைய வரைபடத்தை அழித்துப் புதிதாக வரைந்தேன்.

ஐந்தடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரே கல். அதன் நீளப் பக்கம் மூன்று அங்குலம் சுவருக்குள் போகும். வெளிச்சுவர், ஒன்பது அங்குலச் செங்கல், தாங்கும். அடியில் சுவருக்குள் பதித்த இரும்புத் தாங்கிகள். கால்களே கிடையாது. இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் இருந்தது. சின்ன அறையில் கண்ணுக்கு எவ்வளவு தரை தெரிகிறதோ அவ்வளவு பெரிதாக அறை தெரியும். கால் இல்லாத மேஜை தரையைத் தொடுவதில்லை, அதனால் தரையைத் தின்பதுமில்லை. இடுப்பில் இடிக்காமல் இருக்க முன் மூலைகள் இரண்டையும் வளைத்தேன். மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு பித்தளை விளக்கு. விரியும் சோபாவை எடுத்துவிட்டு, இரண்டு பேர் சாய்ந்து உட்காரும் சின்னப் பிரம்பு சோபா. முதல் வரைபடத்தைவிட இது நல்ல வரைபடம். அடக்கத்துக்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு மனமில்லை.

மங்கோல்புரிக் கல் சந்தைக்கு ஆன்ட்டியையும் கூட்டிப்போனேன். பச்சையும் சாம்பலும் கலந்த கோட்டா கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சாய்த்து வைத்திருந்த கல்லை இரு கையாலும் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"கிச்சனுக்கா ஆன்ட்டிஜி?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

"இல்ல. நாப்பது வருசத்துக்கு," என்று ஆன்ட்டியும் இந்தியிலேயே சொன்னார்.

சார் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை வீட்டில் சந்தித்தபோது கட்டம் போட்ட காகிதத்தில் ஹாலை அளவு பிசகாமல் வரைந்து, ஒன்பது செவ்வகங்களைச் சீவிய பென்சிலால் அடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பாரு கனிமொழி. ஒன்பதும் பொருந்துது."

"மனுஷங்க எங்க சார் நிப்பாங்க?"

"நாங்க ரெண்டே பேர்தானே."

"ரெண்டு பேரும் பெட்டிக்குள்ளயே இருந்துக்கலாம். காத்துக்கு ஓட்டை மட்டும் போட்டுக்குடுத்துரு பிள்ளே," என்றார் ஆன்ட்டி.

சார் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எடுக்க முடியாதது ஃபர்னிச்சர் இல்லம்மா. அது கட்டடம். பதினஞ்சாம் தேதி வரைக்கும் பொறு. அதுக்கப்புறம் சுவத்தை உடைக்கலாம்."

"மிஸ்திரி வியாழக்கிழமை வாராரு," என்றார் ஆன்ட்டி.

வியாழக்கிழமை பன்னிரண்டாம் தேதி.

அன்று கீழே இறங்கும்போது சாரும் என்னுடன் வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்.

"தப்பா நினைக்காதம்மா. மேஜை நல்லாத்தான் இருக்கும். காலையில ஆறு மணிக்கு எழுந்து ஷேவ் பண்ணிடுறேன். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு தெரியல. அவளுக்கு அந்தக் கவலை இல்ல. எங்க போனாலும் அவளுக்கு வேலை இருந்துச்சு. எனக்கு விமானம் நிக்கிற ஹேங்கர் வேணும்."

அறைகளைத்தான் எனக்குத் தெரியும். "மேஜையில பேப்பர் படிக்கலாம் சார்," என்றேன். சொன்னதும் எனக்கே மொக்கையாகப் பட்டது. அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை மிஸ்திரி ராம்பால் தனியாக வந்தார். கூட வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். "அவன் இல்லாட்டியும் ஆகிடும் மேடம்ஜி," என்றார். கட்டர் ஓடியதும் வீடெல்லாம் சிவப்புத் தூசி. ஆன்ட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சுவரில் கோடு ஆழமாவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நகரச் சொன்னேன், நகரவில்லை.

வரமாட்டேன் என்று சொல்லியிருந்த சார் பத்து மணிக்கு வந்தார். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ரசமட்டம். ஓரமாக நின்று பத்து நிமிடம் ராம்பால் வெட்டுவதைப் பார்த்தார். அப்புறம் பொறுக்க முடியவில்லை.

"பையா, நிறுத்து. இடது பக்கம் மூணு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு," என்றார் இந்தியில்.

"மூணு மில்லிமீட்டர்ல என்ன சாப் ஆகிடும்?"

"விமானம் விழும்."

ராம்பால் என்னைப் பார்த்தார். நான் சுவரைக் காட்டினேன். சார் ரசமட்டத்தைச் சுவரில் வெட்டிய காடிக்குள் வைத்தார். உள்ளே குமிழி வலது பக்கம் ஒதுங்கி நின்றது. மூன்று மில்லிமீட்டர்தான்.

அதற்கப்புறம் வேலை சாரின் கைக்குப் போய்விட்டது. தரையில் முழங்காலிட்டுத் தாங்கிகளைத் தானே முடுக்கினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரசமட்டம் வைத்தார். "சாப் பெரிய மிஸ்திரி," என்று ராம்பால் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேலியாகச் சொன்னார். "ஹாங், உன்னைவிட," என்றார் சார். ஆன்ட்டி இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொடுத்தார். பல நாளுக்கப்புறம் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அறைகளை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆட்களைப் படிப்பதிலும் அதே நம்பிக்கை வந்துவிடுகிறது.

காடிக்குள் கலவையைப் பூசி முடித்த நேரத்தில் சாரின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு பால்கனிக்குப் போனார். பெட்டிகளுக்கு நடுவில் அட்டென்ஷனில் நின்று பேசினார். கதவு திறந்திருந்தது.

"யெஸ் சர். தேங்க் யூ சர். ஃபேமிலிகிட்ட பேசிட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் சர்." ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆன்ட்டிக்கு அவ்வளவு ஆங்கிலம் போதும்.

உள்ளே வந்தார். போன் கையிலேயே இருந்தது.

"வந்துடுச்சு," என்றார். "ஒண்ணாம் தேதி சேரணும்."

"ம்."

"குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ரெண்டு பெட்ரூம். ஹால் இதைப்போல மூணு மடங்குங்கிறாங்க."

"கூட்டிப் பெருக்க ஆள் வேணும் அப்ப."

"நாலு பேரைத் தேடிப் பிடிச்சு, அதுல என்னை எடுத்திருக்காங்க, லீலா."

அவர் மனைவியின் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆன்ட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதுல எனக்குச் சந்தோசம்தான்," என்றார். பொய்யாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "உங்கள எடுக்காம வேற யாரை எடுப்பாங்க."

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"கேட்டுது."

"ஜல்தி மேடம்ஜி," என்றார் ராம்பால். அவருக்குத் தமிழ் தெரியாது, கலவையைத்தான் தெரியும். "இன்னும் பத்து நிமிஷத்துல இறுகிடும். அப்புறம் காடிக்குள்ள கல் போகாது. எல்லாத்தையும் கொத்தித்தான் எடுக்கணும்."

கல் மரக்கட்டைகளின் மேல் சுவருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. அறுபது கிலோ. ராம்பால் சுவர்ப் பக்கத்து மூலை ஒன்றைப் பிடித்தார். அதே பக்கத்து அடுத்த மூலைக்கு நான் போனேன். ஆன்ட்டி புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முன்பக்கத்து வளைந்த மூலையில் குந்தி, இரண்டு கைகளையும் கல்லுக்கு அடியில் கொடுத்தார். மூன்று பேரால் அதைத் தூக்கலாம். ஆனால் கோணாமல் காடிக்குள் நேராக நுழைக்க முடியாது. நான்காவது மூலை காலியாக இருந்தது.

சார் ஹால் நடுவில் நின்றார். ஒரு கையில் போன், ஒரு கையில் ரசமட்டம். கல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு கல்லுக்கு அடியில் இருந்த அவர் மனைவியின் கைகளைப் பார்த்தார். ராம்பால் கலவையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். ஆன்ட்டி வேண்டாம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு, தலையைத் திருப்பாமல், கல்லின் விளிம்பிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னார்.

"என்னங்க, இந்த மூலைக்கு ஆள் இல்ல. வந்து ஒரு கை பிடிங்க."